பன்னிரண்டு சிவப்புக் கட்டங்கள்

ஒவ்வொரு வருடமும் டிசம்பர் கடைசி நாள் பிற்பகல், மதியச் சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கழுவி முடித்ததும், அடுத்த வருட நாட்குறிப்பைத் திறந்து மூன்று பேனாக்களை மேசையில் வைப்பேன். நீலத்தால் இந்த நாட்டின் வங்கி விடுமுறைகளைக் குறிப்பேன். எட்டு நாட்கள், இரண்டு நிமிட வேலை. பச்சையால் எங்கள் விரதங்களையும் பண்டிகைகளையும். சிவப்பால், இலங்கையில் அலுவலகங்கள் பூட்டியிருக்கும் நாட்களை. லண்டனுக்கு வந்து இருபத்தாறு வருடங்களில் ஒரே ஒரு வருடம்தான் நான் சிவப்புப் பேனாவைத் தொடவில்லை. அந்த வருடம் செய்த பிழையை இன்னும் யாருக்கும் முழுதாகச் சொன்னதில்லை.

சிவப்பில் பெரும்பகுதி போயா. பௌத்தம் முதலிடம் பெற்ற நாடு அது. ஒவ்வொரு முழுநிலவு நாளும் அங்கே அரச விடுமுறை. வங்கி பூட்டு, கச்சேரி என்கிற மாவட்ட அரச அலுவலகம் பூட்டு, இறைச்சிக் கடையும் சாராயக் கடையும் பூட்டு. வருடத்துக்குப் பன்னிரண்டு, சில வருடங்களில் பதின்மூன்று. வைகாசியில் வரும் வெசாக்கிற்கு மறுநாளும் விடுமுறை. அரச தமிழில் இதற்கு நோன்மதி தினம் என்று பெயர். அந்தச் சொல்லை வாயால் சொன்ன ஒரு மனிதரையும் நான் சந்தித்ததில்லை. அம்மாவின் இருபது வயதுக் காலத்தில் சில வருடங்கள் ஞாயிற்றுக்கிழமையே விடுமுறை இல்லையாம். நிலவு பார்த்துத்தான் பள்ளிக்கூடம் பூட்டுவார்களாம். எங்களுக்குப் போயா பண்டிகை அல்ல. ஆனால் எங்கள் கதவுகளும் அன்றைக்குப் பூட்டித்தான் இருந்தன.

நான் வேலை செய்வது ஒரு பெரிய அலுவலகத்தின் ஆவணப் பிரிவில். ஒரு வைகாசி மாதம், மின்தூக்கிக்குப் பக்கத்துச் சுவரில் 'எங்கள் பணியாளர்களின் பண்டிகைகள்' என்று ஒரு பெரிய சுவரொட்டி ஒட்டினார்கள். பண்டிகைக்கு ஒரு கட்டம், கட்டத்துக்கு ஒரு முகம். வெசாக் கட்டத்தில், தாமரைப் பூவுக்கும் காகித விளக்குக்கும் நடுவே, என் முகம் சிரித்துக்கொண்டிருந்தது. அடையாள அட்டைக்கு எடுத்த படம்.

பணியாளர் பிரிவில் அதற்குப் பொறுப்பானவர் நல்ல மனிதர். நான் பௌத்தர் இல்லை, சைவம் என்று போய்ச் சொன்னதும் கதிரையை இழுத்துப் போட்டார். "நீங்கள் இலங்கைதானே? அது பௌத்த நாடு என்று பார்த்துத்தான் போட்டேன்," என்றார்.

"உங்கள் நாட்டிலும் அரசர்தான் திருச்சபைக்குத் தலைவர். நீங்கள் கடைசியாக எப்போது பூசைக்குப் போனீர்கள்?" என்று கேட்டேன்.

அவர் சிரித்து, சகோதரியின் கல்யாணத்துக்கு என்றார். படத்தை அன்றே எடுத்துவிட்டார்கள். பொங்கலுக்குக் கட்டம் இல்லாதபடியால் என் முகம் சுவரொட்டியிலிருந்தே போயிற்று. நான்கு மின்னஞ்சல்கள் எழுதினேன். ஐந்தாவது வாரம் பொங்கலுக்குக் கட்டம் வந்தது. அந்தச் சண்டையைப் பற்றி இன்றுவரை எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

பிழை அதற்குப் பிறகு நான் செய்தது. கோபம் அடங்கவில்லை. தென் லண்டனில், நோர்பரியில் ஒரு மண்டபத்தில் சனிக்கிழமைகளில் நடக்கும் தமிழ்ப் பள்ளிக்குச் சுவர் நாட்காட்டி தயாரிப்பது நான்தான். அப்போது பதினொரு வருடமாகச் செய்து வந்தேன். அதில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டம். இடது மூலையில் லண்டன் நேரத்துக்குக் கணித்த விரத நாள். அங்கே அதிகாலையில் தொடங்கும் பௌர்ணமித் திதி இங்கே முதல் நாள் இரவே தொடங்கிவிடும். சில மாதங்களில் விரதம் ஒரு நாள் முந்தி வரும். அதைத் திதி திதியாகப் பார்த்துப் போடுவேன். வலது மூலையில் சிவப்பெழுத்தில் 'அங்கே பூட்டு', அதன் கீழே காரணமாக அந்த மாதப் போயாவின் பெயர்: துருத்துப் போயா, நவம் போயா, மெதின் போயா. அந்த வருடக் கடைசியில் அச்சுக்குக் கொடுக்கும் முன் அந்தப் பன்னிரண்டையும், வெசாக்கின் மறுநாளோடு சேர்த்து, அழித்தேன். யாரும் கேட்கவில்லை. நானாகவே, இவை எனக்கு எதற்கு என்று நினைத்து அழித்தேன். நாட்குறிப்பிலும் சிவப்புப் பேனாவைத் தொடவில்லை.

அம்மா அப்போது யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டில் இருந்தார், எழுபத்தெட்டு வயது. அந்தக் கோடையில் அவரை லண்டனுக்குக் கூப்பிட்டு மூன்று மாதம் வைத்திருப்பதாகத் திட்டம். பழைய கடவுச்சீட்டு காலாவதி. புதியதற்கு அலுவலகத்துக்கு நேரில் போய்க் கைரேகை வைக்கவேண்டும். தனியாகப் போகமாட்டேன், நீ வந்தால் போவேன் என்றார். வைகாசியில் ஆறு நாள் லீவு எடுத்தேன். சமையலறைச் சுவரில் நான் செய்த நாட்காட்டியைப் பார்த்துத்தான் நாள் எண்ணினேன். புதன் இரவு வீட்டுக்குப் போய்ச் சேர்வது. வியாழன் கடவுச்சீட்டு அலுவலகம். ஏதாவது குறைந்தால் வெள்ளியும் இருக்கிறது. ஞாயிறு இரவு திரும்புவது. வியாழனும் வெள்ளியும் வெள்ளைக் கட்டங்கள். தொலைபேசியில் அம்மாவுக்கு நாட்களைச் சொன்னேன். "சரி பிள்ளை," என்றார்.

புதன் இரவு வான் வண்டியிலிருந்து இறங்கும்போதே சந்தி முழுக்கக் காகிதக் கூடுகள் தொங்கின. உள்ளே விளக்கெரிந்தது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை; பயணக் களைப்பு. வீட்டுக்குள் போனதும் மேசையில் அம்மா எடுத்து வைத்திருந்த பைலைப் பார்த்தேன். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டைப் பிரதி, படங்கள், எல்லாம் கிளிப் போட்டு. நான் யாரிடமிருந்து இதைப் பழகினேன் என்று அங்கே தெரியும்.

"காலமை எத்தினை மணிக்கு வெளிக்கிடுவம்?" என்று கேட்டேன்.

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். "நாளைக்கு வெசாக் எல்லே? நாளைக்கும் பூட்டு, நாளையிண்டைக்கும் பூட்டு. பேந்து சனி, ஞாயிறு."

நான் கதிரையில் இருந்துவிட்டேன்.

"ஏனம்மா போனில சொல்லேல்லை?"

"நீ திகதி சொன்னா நான் ஏன் திருப்பிப் பாக்கப்போறன்? உனக்குத் தெரியாத நாளே? லண்டன் ஆக்களுக்கெண்டு ஏதோ விசேஷமாத் திறக்கிறாங்களாக்கும் எண்டு நினைச்சன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். உண்மையாகவே சிரித்தார், கண்ணைத் துடைக்கும் அளவுக்கு. நான் அந்த இரவே விமான நிறுவனத்துக்கு அழைத்தேன். பன்னிரண்டு நாளைக்கு ஒரு இடமும் இல்லை. அலுவலகத்தில் லீவு நீட்டவும் வழியில்லை.

வியாழன் சும்மா இருக்க முடியாமல் அம்மாவுடன் ஓட்டோவில் கோவிலுக்குப் போனேன். திரும்பி வரும்போது இராணுவ முகாமுக்கு முன்னால் பந்தல் போட்டு, போகிற வாகனங்களை மறித்துக் குளிர்பானம் கொடுத்தார்கள். வெசாக் நாளில் வழிப்போக்கருக்கு இலவசமாகக் கொடுக்கும் வழக்கம் அது, தன்சல் என்பார்கள். சிப்பாய் ஒருவர் இரண்டு பிளாஸ்ரிக் குவளைகளை உள்ளே நீட்டினார். நான் வாங்கவில்லை. கையை மடியில் வைத்திருந்தேன். அம்மா வாங்கி, பாதி குடித்து, தமிழ் தெரியாத அந்த ஆளைப் பார்த்துச் சொன்னார்:

"நல்ல குளிர்மையாத்தான் இருக்கு, தம்பி. உங்கட பெருநாளால என்ர பாஸ்போட் போச்சு."

அவர் புன்னகைத்து, குவளையை மறுபடி நிரப்பினார். ஓட்டோக்காரர் சிரிப்பை அடக்கமுடியாமல் ஹாண்டிலில் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

"நீயும் குடி பிள்ளை. வெயில்," என்றார் அம்மா.

"வேண்டாம்."

"உன்ர கோபத்துக்கு என்ர தாகம் என்ன செய்யும்?" என்று மீதியையும் குடித்தார்.

ஞாயிறு இரவு நான் திரும்பினேன். மாரிக்கு முன் திரும்ப வருவேன், அப்போது முதல் வேலை இதுதான் என்று சொன்னேன். ஆடியில் அம்மா கிணற்றடியில் விழுந்தார். ஐப்பசியில் போய்விட்டார். மரணச் சடங்குக்குப் போனபோது பைல் அதே மேசையில், அதே கிளிப்புடன் இருந்தது. என் நாட்காட்டி கொன்றது என்று நான் சொல்லவில்லை. விழுந்ததும் போனதும் வேறு கணக்கு. ஆனால் அந்தக் கோடையில் அம்மா என் வீட்டு முன்னறையில் மூன்று மாதம் இருந்திருக்கவேண்டும். இருக்கவில்லை. அதற்குக் காரணம் நான் வெள்ளையாக விட்ட இரண்டு கட்டங்கள்.

அடுத்த வருட நாட்காட்டியில் பன்னிரண்டையும் திரும்பச் சேர்த்தேன். பெயருடன், பழைய அளவு எழுத்தில். கார்த்திகையில் பள்ளி முடிந்தபின் மண்டபத்தில் குழு கூடியது. மேசையில் ஃபிளாஸ்க் தேநீரும் ரோல்ஸும். தலைவர் தொண்ணூறுகளில் அகதியாக வந்தவர், இப்போது தோர்ன்டன் ஹீத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். நாட்காட்டியின் அச்சுச் செலவு அவருடையது. மேலே அவருடைய கடைப் படம் வரும். மாதிரித் தாள்களை ஒவ்வொன்றாகத் திருப்பினார். வைகாசியில் நின்றார்.

"தங்கச்சி, உது என்ன திரும்ப வந்திருக்கு? போன முறை நீங்களே எடுத்துப்போட்டியள். நல்ல வேலை செய்தியள் எண்டு நான் சந்தோசப்பட்டனான்."

"போன முறை பிழை விட்டிட்டன், அண்ணை."

"என்ர கடைப் படத்துக்குக் கீழ வெசாக் வேண்டாம்."

எங்கள் குழுவில் ஒரு மலேசியத் தமிழ்ப் பெண் இருக்கிறார். சட்டம் படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர். பெரிய வகுப்புக்குப் பாடம் எடுக்கிறார். ரோல்ஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "எங்க ஊரு கேலண்டர்ல சீனப் புத்தாண்டு, ஹரிராயா, வெசாக், தீபாவளி எல்லாமே சிவப்புதாங்க. எங்கம்மா அதப் பாத்துட்டுத்தான் பேங்குக்குப் போவாங்க. அதுக்காக யாரும் மொட்டை அடிச்சுக் காவி கட்டிடல."

"உங்கட ஊரில ஆமி வந்து வெளிச்சக்கூடு கட்டேல்லை, டீச்சர்."

"ஆமா. அது இல்லதான்," என்று அவர் தேநீரை எடுத்துக்கொண்டார்.

தலைவர் என் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை. "எங்கட வீட்டுக் காணிக்குள்ள காம்ப். காம்ப் வாசலில பெரிய கூடு கட்டி லைற் போடுவாங்கள். என்ர அம்மா றோட்டில நிண்டு தன்ர வீட்டில லைற் எரியிறதைப் பாத்திட்டு வருவா. அதை நான் சுவரில தொங்கவிடோணுமோ?"

அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. எனக்குத் தெரியும்.

"கொண்டாடச் சொல்லேல்லை, அண்ணை. பூட்டு எண்டு சொல்லுறன்."

"ஆபீசில வெசாக் வேண்டாமெண்டு படத்தைக் கழட்டுவிச்சனீங்கள். இஞ்ச வந்து அதையே கலண்டரில ஏத்துறியள். நீங்கள் எந்தப் பக்கம்?"

இரண்டு பேர் சிரித்தார்கள்.

"ரெண்டும் ஒரே பக்கம்தான். அங்க என்னைப் பற்றிப் பிழையா எழுதியிருந்தது. திருத்தினன். இஞ்ச நான் பிழையா எழுதினனான். திருத்துறன்."

யாரோ சமரசம் சொன்னார்கள்: பூட்டு என்று மட்டும் போடலாம், காரணம் வேண்டாம். தலைவரும் தலையாட்டினார். "ஓம், அப்பிடிப் போடுங்கோ. ஏன் எண்டு ஏன் போடுவான்?"

நான் உண்மையாகவே யோசித்தேன். பன்னிரண்டு சொற்கள்தான். ஆனால் காரணமில்லாத பூட்டை அடுத்த வருடம் யாராவது தேவையில்லை என்று எடுத்துவிடுவார்கள். நானே எடுத்தவள். ஏன் பூட்டு என்று தெரியாத பிள்ளைகள் ஒருநாள் அங்கே போய், யாருடைய நாட்டில் எந்த நாளில் நிற்கிறோம் என்று தெரியாமல் நிற்பார்கள். அந்தப் பெயரை எழுதினால், பண்டிகை அவர்களுடையது, பூட்டிய கதவு எங்களுடையது, பூட்டியது யார் என்பதெல்லாம் தெரியும். மறைத்து எழுதினால் பூட்டு மட்டும் எஞ்சும். இதையெல்லாம் அங்கே இவ்வளவு ஒழுங்காகச் சொல்லவில்லை. சொன்னது இதுதான்:

"பேரில்லாமல் போடமாட்டன். போன வைகாசி நான் ஊருக்குப் போனது அம்மான்ர பாஸ்போட்டுக்கு. என்ர கலண்டரைப் பாத்துத்தான் நாள் வைச்சனான். ரெண்டு நாளும் வெசாக். அம்மா இஞ்ச வராமலே போயிட்டா."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அம்மான்ர விசயம் எனக்கும் கவலைதான், தங்கச்சி. ஆனா கலண்டர் பொதுச் சாமான்."

"பொதுச் சாமானெண்டபடியாத்தான் பிழையா இருக்க ஏலாது."

"அப்ப வேற ஆள் செய்யட்டும்."

"ஓம். செய்யட்டும்," என்று மாதிரித் தாள்களை அடுக்கி, பைலில் போட்டுக்கொண்டு எழுந்தேன். பன்னிரண்டு வருட வேலை. மண்டபத்து வாசலில் குடையை விரித்துக்கொண்டு நடந்தேன். திரும்பிப் போகவில்லை.

பள்ளி நாட்காட்டி ஜனவரி முதலாம் திகதிக்கு முன் வந்துவிட்டது. இணையத்திலிருந்து எடுத்தது, விரதங்கள் எல்லாம் சென்னை நேரம். முதல் ஏகாதசியே எங்களுக்கு ஒரு நாள் பிழை. நான் அதைக் கண்டு சந்தோசப்படவில்லை என்று எழுதினால் அது பொய். என் நாட்காட்டியை வீட்டில் நானே அச்சடித்தேன், நாற்பது பிரதிகள், கடைப் படம் இல்லாமல். சிவப்பு மை இரண்டு தடவை தீர்ந்தது. மலேசியப் பெண் பதினைந்தைத் துணிப்பையில் கொண்டுபோய்ப் பள்ளிக்கூட வாசலில் கொடுத்தார். "கள்ளச் சரக்கு மாதிரி ஓடுதுங்க," என்று செய்தி அனுப்பினார்.

தைப்பொங்கலுக்கு அடுத்த வாரம் தலைவரிடமிருந்து அழைப்பு. கடையில் ஆட்கள் கதைக்கும் சத்தம் கேட்டது. பின்னறைக்குப் போனார் போலும், அடங்கியது.

"தங்கச்சி, ஆமி காணியைத் திருப்பி விடுறாங்களாம். எங்கட வீட்டுக் காணி. நான் நேரில போய்க் கையெழுத்து வைக்கோணும். பெப்ரவரி ரெண்டாம் கிழமை ரிக்கற் பாக்கிறன்."

நான் மனம் நிறைந்து வாழ்த்தினேன். அது நடிப்பல்ல.

"புதன்கிழமை கச்சேரி திறந்திருக்குமோ?"

அவர் இதற்காகத்தான் அழைத்தார். நான் பார்க்காமலே சொல்லியிருப்பேன். ஆனாலும் எழுந்து போய்ப் பார்த்தேன்.

"பூட்டு."

"ஏன்?"

"உங்கட கலண்டரில ஒண்டும் போடேல்லையோ, அண்ணை?"

"குத்தாதேங்கோ, தங்கச்சி."

"நவம் போயா. வியாழன் போங்கோ. எழுதுங்கோ."

"எழுதுறன்."

"என்ன எழுதினியள்?"

பேனா தாளில் ஓடும் சத்தம் கேட்பதற்கு வழியில்லை. ஆனால் நான் காத்திருந்தேன். அவரும் என்னைப் போல ஒரு பிடிவாதக்காரர்.

"நவம் போயா," என்றார் கடைசியில். "பூட்டு."

அடுத்த நாட்காட்டியைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. அவர் கேட்டால் செய்வேன். எழுத்தின் அளவைக் குறைக்கமாட்டேன். கேட்காவிட்டால் நாற்பதை எண்பதாக்குவேன்.

தாயை இழந்தவர்கள் சித்திரா பௌர்ணமியில் விரதம் இருப்பது எங்கள் வழக்கம். எனக்கு அது முதல் விரதம். திங்கட்கிழமை. நாட்குறிப்பை முந்திய டிசம்பரில் நிரப்பும்போதே கண்டுவிட்டேன்: பச்சைப் பேனாவால் எழுதப் போன கட்டத்தில் சிவப்பு ஏற்கனவே இருந்தது. வெசாக். வழக்கமாக வைகாசியில் வருவது அந்த வருடம் சித்திரைக் கடைசியிலேயே வந்திருந்தது: அதே நாள், அதே நிலவு. பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒரு தேநீர் போட்டேன். பிறகு வந்து எழுதினேன்.

அலுவலகத்தில் லீவுக்கு விண்ணப்பித்தேன். படிவத்தில் சமய விடுமுறை என்று ஒரு பட்டியல் விரியும். வெசாக் இருந்தது, ஒரே தட்டலில் முடிந்துவிடும். நான் 'ஏனையவை' என்ற கட்டத்தைத் தெரிவுசெய்து, 'தாயாருக்கான விரதம்' என்று எழுதினேன். பணியாளர் பிரிவின் அந்த நல்ல மனிதர் வெள்ளிக்கிழமை என் மேசைக்கு வந்தார்.

"கோபிக்காதீர்கள். அன்றைக்கு வெசாக் அல்லவா? பட்டியலில் இருக்கிறதே?"

"ஓம், அன்றைக்கு வெசாக்தான். நான் விரதமிருப்பது என் அம்மாவுக்கு. இரண்டும் சரி. நான் எழுதியது என்னைப் பற்றியது."

அவர் சற்று யோசித்துவிட்டு, "அம்மாவுக்கா? எப்போது?" என்று கேட்டார். ஐப்பசி என்பதை ஆங்கில மாதத்தில் சொன்னேன். படிவத்தை அப்படியே ஏற்றுக்கொண்டார்.

திங்கள் காலையில் முழுகி, அம்மாவுக்குப் பிடித்த ஏழு கறிகள் சமைத்தேன். படத்துக்கு முன்னால் வாழையிலையில் படைத்தேன். படம், அந்தக் கடவுச்சீட்டுக்கென்று எடுத்ததில் ஒன்று. கண்ணை அகலத் திறந்து, உத்தியோகத்தரைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார். தோட்டத்து வேலியில் வைத்த சோற்றுக்குக் காகம் வருமுன் அணில் வந்துவிட்டது. விரட்டிவிட்டுக் காகத்துக்காகக் காத்துநின்றேன். வந்தது. மதியம் ஒரு வேளை மட்டும் சாப்பிட்டேன்.

மாலையில் நாட்குறிப்பை எழுதும்போது அந்தக் கட்டத்தை மறுபடி பார்த்தேன். சிவப்பில் 'வெசாக், அங்கே பூட்டு'. கீழே பச்சையில் 'அம்மா'. கட்டம் சிறியது. எழுத்துகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. ஆனாலும் இரண்டையும் வாசிக்க முடிந்தது.